மூன்று நிமிடத்துக்கு ஒரு தட்டு

லியெபாயாவில் டிசம்பர் மாதக் குழாய்நீர்
ஏழு டிகிரி.
கெட்டிலில் பாதி கொதிக்கவைத்துக் கலந்தால்
இருபதும் வரும், இருபத்துமூன்றும் வரும்;
வெப்பமானி சொல்லும்வரை
என் கை சொல்வதை நான் நம்புவதில்லை.

ஆறு தாள்.
கறுப்புப் பைக்குள் இரு கையும் முழங்கைவரை.
ஓரத்தில் வெட்டிய பள்ளங்களை விரல் தேடுகிறது:
வலது மேல்மூலையில் அவை இருந்தால்
மருந்துப் பூச்சு என் முகத்தைப் பார்க்கிறது.
ஒவ்வொன்றாகச் சட்டத்தின் காடிக்குள்.
மூடியைத் திருகியபின் ஜிப்பைத் திறக்கலாம்.
தொட்டிக்குள் மட்டும் இரவு,
வெளியே உருளைக்கிழங்குத் தோல் கிடக்கும் சமையலறை.

ஆறும் கடல், ஆறும் வானம்.
அதுதான் தொல்லை.
மரமும் சுவரும் முகமும் தப்பை மறைத்துக்கொள்ளும்.
வெறும் வானம் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்டோபரில் ஒழுங்காகத்தான் செய்தேன்.
ஒன்பது நிமிடம்,
நிமிடத்துக்கு நான்கு கவிழ்ப்பு,
குமிழி போக, தொட்டி அடியைச் சிங்க் விளிம்பில்
டொக் டொக் டொக்.
அச்சிட்டுப் பார்த்தால்
வானத்தின் இரு ஓரமும் வெளுத்திருந்தது,
யாரோ திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டியதுபோல்.
குறுகிய சந்தில் காற்று வேகமெடுப்பதைப் போல
காடி வழியே டெவலப்பர் பாய்ந்திருக்கிறது.
நான் அவசரப்படுத்தினேன், ஓரங்கள் முந்திக்கொண்டன.

நவம்பரில் மறுபக்கம் சாய்ந்தேன்.
முதல் நிமிடம் ஆட்டியதோடு சரி,
ஒரு மணி நேரம் தொடவே இல்லை.
கலங்கரை விளக்கின் வெள்ளைச் சுவரிலிருந்து
கரிய வால் ஒன்று இழுபட்டு நின்றது.
களைத்த கரைசல் நகராமல்
அங்கேயே படுத்துவிட்டதாம்.

இன்று நடுவில் எங்கோ.
மருந்தைப் பாதியாக நீர்த்தேன்,
பதினாறு நிமிடம் கொடுத்தேன்.
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை,
தூங்கும் பூனையைப் புரட்டிப்போடும் மெதுவில்
இரண்டே கவிழ்ப்பு. பிறகு ஒரே ஒரு தட்டு.

பதினோராம் நிமிடத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

கீழ்வீட்டு ஆல்டொனிஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
செருப்புகூட இல்லை, காலுறையோடு வந்திருந்தார்.
இரண்டு மாதமாகத் தன் கூரைமேல்
நிமிடம் தவறாமல் விழுந்த மூன்று தட்டுகளை
எண்ணிக்கொண்டே தூங்கப் பழகியிருக்கிறார்.
“இன்றைக்கு இடைவெளி விட்டுவிட்டுக் கேட்டது.
விழுந்துகிழுந்து கிடக்கிறீர்களோ என்று...”

பேசாதீர்கள், பன்னிரண்டு வரப்போகிறது என்று
கடிகாரத்தை அவர் கையில் திணித்தேன்.
“இப்போது” என்றார், எனக்கு முன்னால்.
நான் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு,
“கொக்கியில் சுமை ஊசலாடினால்
நானும் இப்படித்தான், சும்மா கூடவே போவேன்” என்றார்.

ஃபிக்சர். கழுவல். குளியல்தொட்டிமேல் கொடி, ஆறு கிளிப்.
ஐந்து வானம் சீராக,
அரைத்த மாவை வழித்துவிட்டதுபோல்.
ஆறாவதில் மறுபடியும் ஒரு பட்டை.
அம்மா காதில் விழக்கூடாத வார்த்தை ஒன்று
என் வாயிலிருந்து வந்தது.

ஆல்டொனிஸ் குனிந்து மூக்கு படாத குறையாகப் பார்த்தார்.
“இது எப்போது எடுத்தது?”
குறிப்பேட்டில் நான்காம் தேதி, பகல் பன்னிரண்டே முக்கால்.
“வடக்கு அலைதடுப்பின் முனையில் தூண்டிலோடு நின்றேன்.
இது மழை.
கால்மணி நேரத்தில் என்மேலும் பெய்தது.”

காடி நேராக ஓடுவது.
பட்டையோ சாய்ந்திருந்தது, காற்றுக்கு.
கண் அதைக் கண்டிருந்தது, நான் தொட்டியைத் திட்டினேன்.
அக்டோபரில் கிழித்தெறிந்தவற்றில்
எத்தனை மழையோ.

ஈரக்கையால் எழுதினேன்:
பதினாறு. மூன்றுக்கு ஒன்று. ஆறாவது தாளில் மழை.

வாசலில் நின்று கேட்டார்,
“இனி இப்படித்தானா, மூன்று நிமிடத்துக்கு ஒன்று?”
கோடையில் குழாய்நீர் சூடேறும், அப்போது மாறும் என்றேன்.
மாறினால் முன்கூட்டியே சொல்லச் சொல்லிவிட்டு
படியிறங்கினார், காலுறைச் சத்தத்தோடு.
என் கடிகாரம் இன்னும் அவர் கையில்.